மௌலாலி மலையடியில் மஹ்லகா பாய்

பிழைப்பை நாடித் தமிழ் மண்ணை விட்டு வந்த நாம், குடியேறிய ஊரை இருவகையாக அறிகின்றோம். நல்லரிசி எந்தக் கடையில் கிடைக்கும், பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி ஏற்றது, செகந்திராபாத் நிலையத்துக்கு எந்தப் பேருந்து செல்லும் என்பன போன்றவை ஒருவகை அறிவு. வந்த சில திங்களிலேயே இது நமக்குக் கைவந்துவிடுகின்றது. நாம் நிற்கும் மண்ணில் நமக்கு முன் நின்றவர் யாவர், அவர் வாழ்ந்த வாழ்வு எத்தகையது என்பது மற்றொரு வகை அறிவு. இதுவோ, முப்பது ஆண்டுகள் குடியிருந்தார்க்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

நம் குஷாய்குடாவையே எடுத்துக்கொள்வோம். 1967ஆம் ஆண்டில் இந்திய மின்னணுக் கழகம் இப்பகுதியில் தோன்றியது. அடுத்து அணு எரிபொருள் வளாகம் எழுந்தது. பொறியாளராகவும் தொழில்நுட்பப் பணியாளராகவும் கணக்கராகவும் தமிழர் பலர் இங்கே வந்தனர். குடியிருப்புகள் பெருகின, கோயில்கள் எழுந்தன, சங்கம் கண்டோம். இவ்வரலாறு நம் பெரியோர் வாயிலாக நம் பிள்ளைகளுக்கும் ஓரளவு தெரியும். ஆயின், நம் வீடுகளிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மொட்டைப் பாறையாய் ஓங்கி நிற்கின்றதே மௌலாலிக் குன்று, அதன் அடிவாரத்தில் துயில்பவர் யார் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? அவர்தம் வாழ்க்கையையே இவ்வாண்டு மலரில் சொல்ல விழைகின்றோம். அவர் பெயர் மஹ்லகா பாய். சந்தா என்பது அவர் பிள்ளைப் பெயரும் புனைபெயரும் ஆகும்.

குடிபெயர்ந்து வந்த குடும்பம்

மஹ்லகா அம்மையாரின் கதை ஹைதராபாத்தில் தொடங்கவில்லை. நெடுந்தொலைவிலுள்ள குஜராத்தில் தொடங்குகின்றது. அவர்தம் பாட்டியார் அங்கு ஓர் அரசு அலுவலரின் மனைவியாய்ச் சிறப்புடன் வாழ்ந்தவர். அரசுப் பணத்தைக் கையாடினார் என்ற பழி கணவர்மீது எழுந்தது. கணவர் ஊரை விட்டு ஓடினார். குடும்பம் ஒரே நாளில் நிலைகுலைந்தது. பாட்டியார் தம் மக்களை அழைத்துக்கொண்டு வடக்கே இராசபுத்திர நாட்டை நோக்கிச் சென்றார். சோறும் நிழலும் இன்றி வாடிய அக்குடும்பத்துக்கு இடம் தந்தவர்கள், ஊர் ஊராய்ச் சென்று ஆடியும் பாடியும் பிழைத்த கூத்தர்களே. உயர்குடியில் பிறந்த பெண்மக்கள் அக்கூத்தரிடமே ஆடலும் பாடலும் கற்றனர். கற்ற கலையே அவர்க்குப் பிழைப்பாயிற்று.

அக்குடும்பம் பின்னர்த் தெற்கே திரும்பியது. புர்ஹான்பூர், ஔரங்காபாத் என்று நகரந்தோறும் தங்கி, முடிவில் ஹைதராபாத்தை அடைந்தது. இரண்டாம் ஆசஃப் ஜா எனப்படும் நிஜாம் அலி கான் 1762இல் ஆட்சிக்கு வந்தபின், தலைநகரை ஔரங்காபாத்திலிருந்து ஹைதராபாத்துக்கு மாற்றினார். அரசவை சென்றவிடத்துக்கே எழுத்தரும் வணிகரும் கலைஞரும் பின்தொடர்ந்தனர். தொழிற்சாலை எழுந்த இடத்துக்கு நாம் வந்ததைப் போன்றதே அவர்தம் வரவும்.

பாட்டியாரின் மகளிருள் ஒருவர் ராஜ் கன்வர் பாய். அவருக்கும் பஹதூர் கான் என்னும் முகலாய அலுவலருக்கும் 1768ஆம் ஆண்டு பிறந்த பெண்மகவே சந்தா. குழந்தை வயிற்றில் இருந்தபோது ராஜ் கன்வர் மௌலாலிக் குன்றுக்கு வழிபாட்டுப் பயணம் சென்றார் என்றும், வழியில் கரு கலையும் நிலை ஏற்பட, மலைமேல் உள்ள திருவிடத்தின் அருளால் தாயும் சேயும் பிழைத்தனர் என்றும் ஒரு செய்தி வழங்கிவருகின்றது. நம்பிக்கையை நாம் ஆராயப் புகவேண்டா. அக்குன்றோடு அக்குழந்தைக்கு ஏற்பட்ட உறவு இறுதி மூச்சுவரை நீடித்தது என்பது மட்டும் வரலாறு.

அக்குன்றின் பெருமையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுதல் தகும். கோல்கொண்டாவை ஆண்ட இப்ராஹிம் குதுப் ஷா காலத்தில், யாகூத் என்னும் அரண்மனைப் பணியாளர் ஒருவர், நபிகள் நாயகத்தின் மருகரான அலி அவர்கள் இக்குன்றின்மீது கைவைத்து அமர்ந்திருக்கக் கனவு கண்டார் என்பர். விழித்துச் சென்று பார்த்தபோது பாறையில் கைச்சுவடு காணப்பட்டதாம். அன்று முதல் இது திருத்தலமாயிற்று. மௌலா அலி என்னும் பெயரே மக்கள் வழக்கில் மௌலாலி எனக் குறுகிற்று. ரஜப் மாதத்தில் நிகழும் திருவிழாவுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே மலையேறும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு.

கலையும் கல்வியும்

அக்காலத்தில் சந்தாவைப் போன்ற குடும்பத்தில் பிறந்த பெண்ணுக்கு வாழ்க்கை வழி ஏறத்தாழ ஒன்றே. அரசவையிலும் பிரபுக்கள் மாளிகையிலும் ஆடிப் பாடி, இனிய சொல்லால் அவையோரை மகிழ்விக்கும் கணிகையராவதே அது. வடநாட்டார் அவர்களைத் தவாயிஃப் என்பர். நம் நாட்டில் மாதவியின் மரபும் தேவரடியார் மரபும் இருந்ததைப் போன்றது அது. மணம் புரிந்து இல்லத்துள் அமர்ந்த பெண்களுக்கு எழுத்தறிவே அரிதாயிருந்த காலத்தில், இம்மரபினர் இசையும் கூத்தும் பலமொழிப் புலமையும் பெற்றனர். ஆயின் கற்றவரைப் போற்றிய உலகம், அக்கல்வி பெற்ற குலத்தை இழித்தும் பேசிற்று. இந்த முரண்பாட்டினூடேதான் சந்தா வளர்ந்தார்.

நற்பேறாக, தாயின் குடும்பத்தைச் சேர்ந்த மஹ்தாப் என்னும் பெண்மணி, நிஜாமின் முதலமைச்சரான ருக்னுத் தௌலாவின் அன்புக்குரியவராய் இருந்தார். சந்தாவை அவரே தம் மகள்போல் எடுத்து வளர்த்தார். ஆதலின் அமைச்சர் மாளிகையின் நூல்களும் ஆசிரியர்களும் அச்சிறுமிக்கு எட்டும் தொலைவில் இருந்தனர். இசையில் அவருக்கு வாய்த்த ஆசான் குஷ்ஹால் கான் அனூப் என்பவர். அக்பர் அவையை அணிசெய்த தான்சேன் மரபில் வந்தவராகக் கூறப்படுபவர். கதக் ஆடலும் அவருக்கு இயல்பாயிற்று.

நம் நாட்டுக் காலக்கணக்கோடு பொருத்திப் பார்த்தால் ஒரு வியப்புத் தோன்றும். திருவாரூரில் தியாகராச சுவாமிகள் பிறந்தது 1767ஆம் ஆண்டு. சந்தா பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. காவிரிக் கரையில் ஒருவர் இராமபிரான்மீது தெலுங்கில் பாடிய அதே காலத்தில், தெலுங்கு நாட்டில் இவ்வம்மையார் அலிமீது உருதுவில் பாடினார். சற்று முன்னரே தஞ்சை அரசவையில் முத்துப்பழனி என்னும் கணிகை தெலுங்கில் காவியம் இயற்றினார். ஒரு நாட்டு மொழி மற்றொரு நாட்டில் மலர்வது நம் தென்னகத்துக்குப் புதிதன்று. தெலுங்கு மண்ணில் தமிழ்ச் சங்கம் நடத்தும் நமக்கு இஃது ஓர் ஆறுதலும் ஆகும்.

கவிஞர் சந்தா

அவர் கையாண்டது கஜல் என்னும் பாவகை. ஈரடிகள் பல சேர்ந்து ஒரு கஜல் ஆகும். ஒவ்வோர் ஈரடியும் தனித்து நின்று பொருள் தரவல்லது. எனினும் அடியிறுதியில் ஒரே சொல் மீண்டும் மீண்டும் வந்து அவற்றைக் கோவையாக்கும். நம் யாப்பில் இயைபு என்போமே, அதற்கு இஃது ஒருவாறு ஒப்பு. கடைசி ஈரடியில் புலவர் தம் புனைபெயரைப் பதித்தல் மரபு. கீர்த்தனையில் தியாகராசர் முத்திரை அமைவது போன்றது. நம் அம்மையார் அங்கே சந்தா என்னும் பெயரைப் பதித்தார். அதனோடு அலி அவர்களின் புகழையும் சேர்த்தார். காதலும் பிரிவும் தோட்டமும் மதுவுமாய்த் தொடங்கும் பாடல், முடிவில் மௌலாலிக் குன்றை நோக்கித் திரும்பிவிடும்.

அவர் பாடல்கள் 1798இல் ஏட்டுத் தொகுப்பாக எழுதி முடிக்கப்பெற்றன. அதில் 125 கஜல்கள் உள்ளன. பெண்பாற் புலவர் ஒருவரின் முழுமையான உருதுத் தொகுப்பு என்ற வகையில் இதுவே முதலாவது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர், லுத்ஃபுன்னிஸா இம்தியாஸ் என்னும் தக்காணத்துப் பெண் கவிஞரின் தொகுப்பு இதற்குச் சற்று முந்தியது என்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். முதலிடம் எவர்க்காயினும், அவ்விருவரும் தக்காணத்து மகளிரே என்பது இம்மண்ணுக்குப் பெருமை அன்றோ!

அவ்வேட்டின் ஒரு படி இன்று இலண்டன் மாநகரில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றது. அது சென்ற வரலாறும் சுவையானது. 1799ஆம் ஆண்டு மே மாதத்தில் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டார். அப்போரில் நிஜாமின் படைக்குத் தலைமை ஏற்றவர் மீர் ஆலம் என்னும் பிரபு. அக்டோபர் மாதத்தில் அவர் மாளிகையில் ஒரு நடன விருந்து நிகழ்ந்தது. கிழக்கிந்தியக் கும்பினியின் கேப்டன் ஜான் மால்கம் விருந்தினராய் வந்திருந்தார். ஆடலின் நடுவே மஹ்லகா தம் பாடல் தொகுப்பை அவருக்குக் காணிக்கையாக அளித்தார். அந்த அக்டோபர் மாதத்தில்தான் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார் என்பதை நாம் மறத்தற்கில்லை. தெற்கே ஒரு பாளையக்காரர் கும்பினியாரை எதிர்த்து உயிர்விட்டார். இங்கே நிஜாமின் அவையினர் அக்கும்பினியாரோடு உறவாடி ஆட்சியைக் காத்துக்கொண்டனர். அம்மையாரின் காணிக்கையும் அந்த அரசியலின் ஓர் அங்கமே. கையிற் பொற்கிழியின்றிக் கவிதையோடு சென்றார் என்பதே அவர்தம் தனிச்சிறப்பு.

அவையிலும் போர்க்களத்திலும்

நிஜாம் அலி கான் அவரை ஆடல் மகளாக மட்டும் கருதவில்லை. அரசர் படையெடுத்துச் சென்றபோது மூன்று முறை அம்மையாரும் உடன் சென்றார். ஆண் உடை தரித்து, வில்லும் வேலும் ஏந்திக் குதிரைமீது சென்றார் என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். நம் சிவகங்கை வேலுநாச்சியார் வாளேந்திய காலமும் ஏறத்தாழ இதுவே. வேலுநாச்சியார் தம் நாட்டை மீட்கப் போர் புரிந்தவர். மஹ்லகா அரசரின் துணையாய்ச் சென்றவர். இருவர் நிலையும் வேறு. எனினும், பெண் படையோடு செல்லல் அக்காலத்தில் எண்ணவும் இயலாதது என்னும் நம் எண்ணத்தை இருவருமே மாற்றுகின்றனர்.

அரசியற் செய்திகளில் அவர்தம் கருத்தைக் கேட்டனர். மஹ்லகா பாய் என்னும் பட்டத்தை வழங்கினர். திங்கள் போன்ற முகத்தினள் என்பது அதன் பொருள். ஊர்கள் பலவற்றை ஜாகீராக அளித்தனர். ஜாகீர் என்றால், அவ்வூரின் நிலவரி வருவாயைத் தாமே பெறும் உரிமை. அவர் வெளியே புறப்பட்டால் 500 வீரர் அணிவகுத்து உடன் செல்வர் என்பர். ஆண் பிரபுக்களுக்கே உரிய இச்சிறப்பு, மணமாகாத ஒரு கணிகைப் பெண்ணுக்கு வாய்த்தது. அவர் இறுதிவரை மணம் புரிந்துகொள்ளவில்லை.

இச்செல்வம் எங்கிருந்து வந்தது என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெயிலில் உழுத குடியானவனின் வரிப்பணமே ஜாகீர்தாரரின் வருவாய். அக்காலத்துப் பெருஞ்செல்வம் எதுவும் இதற்கு விலக்கன்று. ஆகவே ஒருவர் செல்வம் பெற்றார் என்பதைக் கொண்டு அவரை நாம் போற்றவியலாது. பெற்றதை என் செய்தார் என்பதைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும்.

பெற்றதைத் தந்தவர்

அம்மையார் கிணறு வெட்டினார், நூல்களைத் திரட்டி நூலகம் அமைத்தார், புலவர்களைப் புரந்தார். தக்காணத்தின் வரலாற்றை எழுதுமாறு குலாம் ஹுசைன் கான் ஜௌஹர் என்பாரைப் பணித்தார். அந்நூல் மாஹ்நாமா எனப் பெயர் பெற்றது. பெண்பிள்ளைகளுக்குக் கலை பயிற்றுவித்தார். தம் மறைவுக்குப்பின் நிலமும் பொன்னும் மணியும் வீடற்ற பெண்களுக்குச் சேரவேண்டும் என்று விட்டுச் சென்றார். வீடிழந்து தெருவில் நின்ற பாட்டியாரின் வழியில் வந்தவர், வீடற்ற பெண்களை மறவாதிருந்தார். அவர்தம் வாழ்வில் நம் நெஞ்சை மிகுதியும் தொடுவது இதுவே.

அவர் பெற்ற ஜாகீர்களுள் ஒன்று அடிக்மெட். நம் பிள்ளைகள் பலர் பட்டம் பெற்ற உஸ்மானியாப் பல்கலைக்கழகம் 1918இல் தோன்றியது. பின்னர் அதன் பெருங்கட்டடங்கள் எழுந்த இடம் இந்த அடிக்மெட் நிலமே. அப்பகுதியில் அவர் பெயரால் வழங்கும் படிக்கிணறு ஒன்று இன்றும் உண்டு. ஒரு காலத்தில் ஆடல் மகளுக்கு உரியதாயிருந்த நிலத்தில் ஆயிரமாயிரம் பெண்கள் படித்துப் பட்டம் பெறுகின்றனர் என்றால், காலம் செய்யும் விந்தையை என்னென்பது!

மௌலாலி அடிவாரத்தில் தம் தாயார் ராஜ் கன்வர் பாயின் நினைவாக 1792இல் ஒரு கல்லறை மாடம் எழுப்பினார். அதனைச் சூழத் தோட்டமும், மதிலும், பள்ளிவாசலும், வழிப்போக்கர் தங்கும் சத்திரமும் அமைத்தார். மலைக்கு வரும் அடியார் இளைப்பாறும் இடமாயிற்று அது. 1824ஆம் ஆண்டு அம்மையார் மறைந்தபோது, தாயின் அருகிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். அங்குள்ள பாரசீகக் கல்வெட்டின் இறுதி அடியில், எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் மறைந்த ஆண்டு வருமாறு பாடியிருக்கின்றனர். அதே 1824இல் அவர்தம் பாடல்களுள் சில குல்ஸாரே மஹ்லகா என்னும் பெயருடன் வெளிவந்தன.

மறதியும் மீட்பும்

பின்னர் வந்த தலைமுறையினர் அவரை மறந்தனர். கலைக்குப் பெருமை குறைந்து, கணிகையர் என்னும் பெயர் வெறும் வசையாயிற்று. நம் நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. முத்துப்பழனியின் காவியத்தைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் மீண்டும் பதிப்பித்தார். ஆங்கில அரசு அதனைத் தடைசெய்தது. நெடுங்காலத்துக்குப் பின்னரே தடை நீங்கிற்று. மஹ்லகாவின் பாடலை எவரும் தடைசெய்யவில்லை, எவரும் நினைக்கவுமில்லை. தோட்டம் புதராயிற்று, நீரோடிய வாய்க்கால்கள் மண்மூடின, சுவர்கள் இடிந்தன.

மீட்பு வந்த திசைதான் வியப்புக்குரியது. அமெரிக்க நாட்டு எமரி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்காட் கூகல் இவ்வம்மையாரின் வாழ்வையும் பாடலையும் ஆராய்ந்தார். அமெரிக்க அரசு அளித்த நிதியைக் கொண்டு 2010, 2011ஆம் ஆண்டுகளில் கல்லறையும் தோட்டமும் செப்பனிடப்பெற்றன. ஏழு கடல் தாண்டி இருப்பவர் தேடிவந்து போற்றிய ஒன்றை, பேருந்தில் கால் மணிப் பொழுதில் சென்றடையக்கூடிய நாம் காணாதிருக்கலாமோ?

குடும்பத்தோடு படிக்கும் மலரில் ஒரு கணிகையின் வாழ்க்கை இடம்பெறலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். மாதவியின் கதையை நாம் பள்ளிப் பாடமாகவே படித்தோம். அவளுடைய மகள் மணிமேகலை அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்ததைப் பெருமையோடு பேசுகின்றோம். பிறந்த குலத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எவர்க்கும் இல்லை. கைக்கு வந்த பொருளையும் கல்வியையும் எவ்வழியில் செலவிடுவது என்பதே அவரவர் கையில் உள்ளது. மஹ்லகா அம்மையார் அதனை எவ்வழியில் செலவிட்டார் என்பதைக் கண்டோம்.

வேற்றூரிலிருந்து வெறுங்கையோடு வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை அவர். அத்தலைமுறைக்குள் இம்மண்ணின் மொழியில் பாடினார். இம்மண்ணின் வரலாற்றை எழுதுவித்தார். இம்மண்ணில் நீர்நிலை கண்டார். நம் குடியிருப்புகளிலும் இன்று மூன்றாம் தலைமுறை வளர்ந்துவருகின்றது. வீட்டில் தமிழும், தெருவில் தெலுங்கும், சந்தையில் உருதும் பேசும் அப்பிள்ளைகளுக்கு, சொந்த ஊர் எது என்னும் வினா அடிக்கடி எழுகின்றது. தமிழை அவர்க்குக் கற்பிப்பது நம் சங்கத்தின் தலையாய கடன். இந்த ஊரையும் அவர்க்குச் சொந்தமாக்குவது அதனோடு ஒட்டிய கடன்.

வரும் ஞாயிறுகளில் ஒன்றில், வெயில் ஏறுமுன், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அன்பர்கள் மௌலாலி அடிவாரம் செல்க. மதிலுக்குள் அமைதியான தோட்டமும், அதன் நடுவே அருகருகே இரண்டு கல்லறைகளும் இருக்கும். ஒன்று தாயினது, மற்றது மகளினது. கல்வெட்டின் எழுத்து நமக்குப் படிக்க வாராது. எனினும், யார் இவர் என்று பிள்ளைகள் கேட்பர். விடை சொல்ல இக்கட்டுரை உதவுமாயின், நாம் எழுதியதன் பயனைப் பெற்றோம்.